பின்னணியைப் பிடியுங்கள், ஆள் வருவார்: தோட்டத்து ஊரில் படம் எடுக்கப் பழக முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானுக்குப் போகிறவர்கள் அங்குள்ள சாய்ந்த கோபுரத்தைப் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. அந்தப் படங்களைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். பலவற்றில் கோபுரம் நெட்டுக்குத்தாக நிற்கும். பக்கத்துக் கடைகளும் விளக்குக் கம்பமும் சாய்ந்திருக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கோணலாக ஒன்று தெரிந்தால் அதை நேராக்கப் பார்ப்பது கையின் பழக்கம். போனை நமக்குத் தெரியாமலே சற்றுத் திருப்பிவிடுகிறது.

இன்றைய போன் வெளிச்சத்தை அளக்கிறது, குவியத்தை (ஃபோகஸ்) பிடிக்கிறது, நிறத்தைச் சரிசெய்கிறது. எங்கே நிற்பது, எதை உள்ளே விடுவது, எப்போது அழுத்துவது ஆகிய மூன்றை மட்டும் நம்மிடம் விட்டிருக்கிறது. படச்சட்டம் அமைப்பது, அதாவது கம்போசிஷன், இந்த மூன்றும்தான்.

கையில் போன் இருந்தாலும் சரி, அண்ணனிடம் கேட்டு வாங்கிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா இருந்தாலும் சரி, கீழே சொல்வது பொருந்தும். கீழ்ப் பேராக்கை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆனால் பீடோர், சுங்கை சிப்புட், பாஹாவ், கோலசிலாங்கூர் என்று எந்தத் தோட்டத்து ஊரையும் வைத்துக்கொள்ளலாம். ஒரு கடைத்தெரு, இரண்டு கோப்பிக் கடை, ஒரு கோவில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு திடல், சுற்றிப் பால்மரமோ (ரப்பர்) செம்பனையோ. இப்படிப்பட்ட ஊரில் படம் பழகுகிறவருக்குக் கோலாலம்பூர்க்காரருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. யார் எந்த வழியாக எத்தனை மணிக்கு வருவார் என்று நமக்குத் தெரியும். இந்த வழிகாட்டி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

படி 1: கருவியைத் தயார் செய்தல்

லென்ஸைத் துடையுங்கள். சட்டைத் துணி போதும், ஆனால் சுத்தமாக இருக்கட்டும். விரல் எண்ணெய் பட்ட லென்ஸில் விளக்கொளி கோடு கோடாக இழுக்கும். மாலைப் படங்கள் மங்கிப்போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ஏர்கோன் போட்ட காரிலிருந்து இறங்கியதும் எடுக்காதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்கு லென்ஸ் உடனே பனித்துவிடும். ஐந்து பத்து நிமிடம் வெளியே வைத்திருந்தால் தானாகத் தெளியும்.

அப்புறம் கட்டக் கோடுகளைப் போடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் கேமராவைத் திறந்தால் 'கிரிட்' இருக்கும். ஆண்ட்ராய்டில் கேமரா செயலியின் செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கும். திரையில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடுகள் வரும். 'லெவல்' என்று ஒன்று தெரிந்தால் அதையும் போட்டுவிடுங்கள். போன் சாய்ந்தால் காட்டிக்கொடுக்கும்.

பட அளவை 4:3-இலேயே வையுங்கள். பெரும்பாலான போன்களில் சென்சாரின் வடிவம் அதுதான். 16:9 அகலமாகத் தெரிந்தாலும் மேலும் கீழும் வெட்டி எறிந்த படம்தான். வேண்டுமானால் பிறகு நாமே வெட்டிக்கொள்ளலாம். ஒன் எக்ஸ் என்று காட்டும் முதன்மை லென்ஸிலேயே கொஞ்ச நாள் பழகுங்கள். 0.5 லென்ஸ் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துவிடுவதால் எதை விடுவது என்று யோசிக்கும் வேலையே இல்லாமல் போகும். ஓரத்தில் நிற்பவர் முகத்தையும் இழுத்து நீட்டும். கல்யாணக் குழுப்படங்களில் கடைசியில் நிற்கும் அத்தைகள் கோபித்துக்கொள்வது இதனால்தான்.

படி 2: இது எதைப் பற்றிய படம்?

அழுத்துவதற்கு முன் மனத்துக்குள் ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். "இது கோப்பிக் கடையைப் பற்றிய படம்" என்றால் இன்னும் தயாராகவில்லை. கடையில் நாற்காலி, மேசை, மின்விசிறி, காலண்டர், பத்துப் பேர், எல்லாமும் இருக்கிறது; கண் எதில் நிற்கும்? "தே தாரேக் இழுக்கிற கை" என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேலே ஒரு குவளை, கீழே ஒரு குவளை, நடுவில் நீண்டு இறங்கும் தேநீர்க் கோடு. அந்த மூன்றும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும், மற்றது இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். போனை நெடுக்குவாட்டில் பிடிக்க வேண்டும் என்பதுகூட அந்த வாக்கியத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது.

வாக்கியம் வரவில்லை என்றால் எடுக்காமலே விடலாம். ஒன்றும் குறைந்துவிடாது.

படி 3: முதலில் பின்னணி, பிறகு ஆள்

பழகத் தொடங்குகிறவர்கள் சுவையான ஒருவரைக் கண்டதும் போனைத் தூக்குகிறார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு வந்துதான் பார்க்கிறார்கள். பாட்டியின் தலையிலிருந்து மின்கம்பம் முளைத்திருக்கும். காவடி எடுப்பவரின் தோளுக்குப் பின்னால் நீலத் தண்ணீர்த் தொட்டி. எங்கு பார்த்தாலும் நிறுத்தி வைத்த மோட்டார்.

நான் சொல்வது இதற்கு நேர்மாறான வழி. ஆளைத் தேடாதீர்கள். நல்ல பின்னணி ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டு, அங்கேயே நின்றுகொள்ளுங்கள். சிறிய ஊரில் ஆள் தானாக வருவார்.

கடைத்தெருவில் இதைச் செய்து பார்ப்போம். கடைகளுக்கு முன்னால் கூரை போட்டு ஓடும் அஞ்சடியில், காலையில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் வெயில் விழும். பழைய சுண்ணாம்பு பெயர்ந்து இளநீலமோ மஞ்சளோ தெரியும் சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சைன்போர்டு, கார், குப்பைத் தொட்டி எதுவும் இல்லாத ஐந்தாறு அடி அகலம் போதும். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். அந்தச் சுவரை மட்டும் வைத்து ஒரு படம் எடுங்கள். ஆளே இல்லாத அந்தப் படம் பார்க்கச் சுமாராக இருக்கிறதா? நான்கு ஓரங்களிலும் தேவையில்லாதது எட்டிப் பார்க்கவில்லையா? அப்படியானால் இடம் சரி. இப்போது காத்திருங்கள்.

பூக்கடைக்காரம்மா வாளியோடு வருவார். பத்திரிகையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு ஒரு தாத்தா கோப்பிக் கடைக்குப் போவார். பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் ஓடுவார்கள். நடக்கிறவர் என்றால் இரண்டு கால்களும் விரிந்திருக்கும் நொடியில் அழுத்துங்கள். கால்கள் ஒன்றோடொன்று மறைந்திருக்கும்போது எடுத்தால் ஆள் ஒற்றைக்காலில் நிற்பது போல் ஆகிவிடும். கேமரா வைத்திருப்பவர்கள் ஷட்டரை 1/250 நொடிக்கு வைத்துக்கொள்ளலாம். சைக்கிளோ மோட்டாரோ என்றால் 1/500.

ஆளை நகர்த்த முடியாத இடங்களும் உண்டு. கோவில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் போய் "அந்தப் பக்கம் உட்காருங்க" என்று சொல்ல முடியாது. அங்கே நாம்தான் நகர வேண்டும். வலப்பக்கம் ஒரு அடி வைத்தால் பின்னால் இருக்கும் கம்பம் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். முழங்காலிட்டால் பின்னணியில் கூரையும் வானமும் வரும். படிக்கட்டில் இரண்டு படி ஏறிக் கீழே பார்த்து எடுத்தால் வெறும் சிமெண்டுத் தரை மட்டும் பின்னணியாகும். நின்ற இடத்திலிருந்து ஸூம் செய்தால் பின்னணி மாறாது, பெரிதாகும், அவ்வளவுதான். கால்தான் அதை மாற்றும்.

படி 4: மூன்றில் ஒரு பங்கு

திரையில் போட்ட கோடுகள் இதற்குத்தான். படத்தைக் குறுக்கும் நெடுக்கும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நட்டநடுவில் வைக்காமல் ஏதாவது ஒரு கோட்டின் மேலோ, கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளில் ஒன்றிலோ வைப்பது. பேராக் ஆற்றைப் படம் எடுக்கிறீர்கள். வானம் அழகாக இருந்தால் கரைக்கோடு கீழ்க்கோட்டில் விழட்டும், தண்ணீரில் நிழல் நன்றாக விழுந்திருந்தால் மேல்கோட்டுக்கு ஏற்றிவிடுங்கள். நடுவில் வைத்தால் இரண்டும் சரிபாதியாகி எதைக் காட்ட வந்தோம் என்றே தெரியாது. முகம் என்றால் கண்கள் மேல்கோட்டை ஒட்டி இருக்கட்டும். அப்போது தலைக்கு மேல் வீணாகக் கிடக்கும் இடம் தானாகக் குறையும்.

பார்வை போகிற பக்கம் இடம் விடுங்கள். தாத்தா இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அவரை வலக்கோட்டில் வையுங்கள். சைக்கிள் போகிற திசையிலும் அப்படியே.

இந்த விதியை எல்லோரும் முதல் பாடமாகச் சொல்கிறார்கள். என் கணக்கில் அதற்கு நாலாவது படிதான். பின்னணி குப்பையாக இருக்கும்போது ஆளைக் கோட்டில் வைத்து ஆவது ஒன்றுமில்லை. கோபுர வாசல், நேர்கொண்டு ஓடும் கோவில் மண்டபம், வாசலில் போட்ட கோலம் போன்றவற்றுக்கு நடுவேதான் இடம். அங்கே அரை அடி தள்ளி நின்றாலும் படம் தவறாகத் தெரியும். மூலவருக்கு நேர் எதிரே, இரு பக்கத் தூண்களும் ஒரே அளவில் தெரியும் இடம் வரும்வரை நகர்ந்துகொண்டே இருங்கள். படம் எடுக்கக் குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

படி 5: கோடுகள்

செம்பனைக் காட்டுக்குள் நின்றிருக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் பார்த்தால் மரங்கள் கலைந்து கிடப்பது போலத் தெரியும். இரண்டு அடி நகர்ந்தால் திடீரென்று நேர்வரிசையில் நீண்டுவிடும். அது நடவு முறையால் வருவது. செம்பனையைச் சம பக்க முக்கோணமாக நடுகிறார்கள். மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு 140-ஐ ஒட்டிய மரங்கள். முக்கோண நடவு என்பதால் ஒரு மரத்தடியில் நின்று சுற்றிப் பார்த்தால் ஆறு திசைகளில் நேர்வரிசை கிடைக்கும். அதாவது சூரியன் எங்கே இருந்தாலும், பின்னணி எது வேண்டுமென்றாலும், உங்களுக்குத் தோதான ஒரு வரிசை இருக்கும். சதுர நடவில் நான்குதான்.

இப்படிச் செய்யுங்கள். மரத்தை விட்டு விலகி, இரண்டு வரிசைகளுக்கு நடுவே போய் நில்லுங்கள். போனை மார்பளவில், சாய்க்காமல் பிடியுங்கள். இரண்டு பக்க மரங்களும் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளியைத் திரையின் நடுவில் வைத்து ஒரு படம். அடுத்து அரைக் கை தூரம் இடப்பக்கம் நகர்ந்து, புள்ளியை வலக்கோட்டுக்குக் கொண்டுபோய் இன்னொன்று. பிறகு குந்தி உட்கார்ந்து ஒன்று. குந்தும்போது தரையில் கிடக்கும் உதிரிப் பழமும் அடுக்கி வைத்த மட்டையும் முன்னுக்கு வந்து பெரிதாகும். பார்த்தபின் எது பிடித்ததோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அண்மையில் நட்ட இளமரங்களில் இதை முயலாதீர்கள். மட்டைகள் தரைவரை படர்ந்து வரிசையை மறைத்துவிடும். அடிமரம் தெளிவாகத் தெரியும் முதிர்ந்த காடுதான் தோது. மட்டைக்குள் பாம்பு இருக்கலாம், காலைப் பார்த்து வையுங்கள்.

கோடு கண்ணை எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. போய்ச் சேரும் இடத்தில் ஒன்றும் இல்லை என்றால் பார்ப்பவர் ஏமாந்துபோவார். குலை ஏற்ற வரும் டிராக்டர், சைக்கிளில் போகிறவர், ஒரு நாய்கூடப் போதும். இங்கேயும் அதே வேலைதான்: வரிசையைப் பிடித்துவிட்டுக் காத்திருப்பது.

பால்மரத்தில் வேறொரு கோடு இருக்கிறது. வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்கும். மரப்பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் சற்றே சாய்ந்து ஏறுவதால், அந்தத் திசையில் வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும். நமக்கு அது தயாராகக் கிடைக்கும் மூலைவிட்டக் கோடு. மிக அருகே போங்கள். சட்டத்தின் மேல் இடமூலையில் வெட்டுக்கோடு தொடங்கட்டும். கீழ் வலப்பக்கம் பால் பிடிக்கும் மங்கு இருக்கட்டும். வெள்ளைப் பால் கோட்டில் வழிந்து, தகரத் துண்டின் நுனியில் சொட்டாகத் திரண்டு நிற்கும். அந்தச் சொட்டின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் குவியம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பால் வெள்ளை என்பதால் போன் அதை வெளிறச் செய்துவிடும். ஐபோனில் பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறைந்து பாலின் வழவழப்பு தெரியும். மற்றப் போன்களிலும் இப்படியொரு இழுப்புக் கோடு இருக்கும்.

படி 6: சட்டத்துக்குள் சட்டம்

வாசல், ஜன்னல், அஞ்சடித் தூண்கள், லயத்து வீட்டுப் பலகை ஜன்னல், இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. இவற்றில் எதன் வழியாகவாவது எடுத்தால் பார்ப்பவர் கண் வெளியே ஓடாது. உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம் என்றால் வெளியே இருப்பதைத் தொட்டு வெளிச்சத்தை அளக்கவிடுங்கள். உள்பக்கம் கறுத்துப்போகும், போகட்டும்; சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

படி 7: நேராகப் பிடித்தல், சாய்ந்ததைச் சாய்வாகவே காட்டுதல்

மீண்டும் கோபுரம். 1885-இல் கட்டியது, உயரம் 25.5 மீட்டர், வெளியே எட்டு மாடி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்றுதான். இதைச் சரியாக எடுக்கத் தெரிந்தால் எந்தக் கட்டடத்தையும் எடுக்கலாம்.

முதலில் சுற்றி நடங்கள். கோபுரம் சாய்கிற திசைக்கு நேரே முன்னாலோ பின்னாலோ நின்றால் சாய்வே தெரியாது. பக்கவாட்டில் நிற்க வேண்டும். சாய்வு மிகுதியாகத் தெரியும் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் எதில் பின்னணி சுத்தமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நேராக நிற்கும் ஒன்றைச் சட்டத்துக்குள் சேருங்கள். கடைத் தூண், விளக்குக் கம்பம், கொடிக்கம்பம். அது இல்லாவிட்டால் கோபுரம் சாய்ந்ததா, நீங்கள் போனைச் சாய்த்தீர்களா என்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. திரையின் நெடுக்கோட்டோடு அந்தத் தூணைப் பொருத்துங்கள். கோபுரத்தைப் பார்க்காதீர்கள், தூணை மட்டும் பாருங்கள்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. போனை அண்ணாந்து பிடித்தால் செங்குத்தான கோடுகள் எல்லாம் மேலே போகப் போக உள்பக்கம் சாயும். படத்தின் இடப்பக்கம் உள்ளவை வலமாகவும், வலப்பக்கம் உள்ளவை இடமாகவும் சாயும். ஆகவே இடப்பக்கம் சாயும் கோபுரத்தைப் படத்தின் வலப்பக்கம் வைத்தால் சாய்வு கூடித் தெரியும். இடப்பக்கம் வைத்தால் குறைந்துவிடும், சில நேரம் நேராகவே ஆகிவிடும். உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும் என்றால் நடுவில் வையுங்கள்.

அண்ணாந்து பிடிக்காமலே முடிப்பது இன்னும் நல்லது. கணக்கு எளிது. போனின் முதன்மை லென்ஸை நெடுக்குவாட்டில், சாய்க்காமல், கண்ணளவில் பிடித்தால் கோபுரத்தின் உச்சி சட்டத்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ 35 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மேலே கொஞ்சம் வானமும் வேண்டும் என்றால் 40 மீட்டருக்கு மேல். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையும் சாலையும்தான் இருக்கும். அதைப் பிறகு வெட்டிவிடலாம், அல்லது மழை விட்டதும் போய்த் தேங்கிய தண்ணீரில் கோபுரத்தின் நிழலைப் பிடிக்கலாம். அப்போது அந்தக் கீழ்ப்பாதி வீணாகாது.

படி 8: வெளிச்சமும் நேரமும்

வெளிநாட்டுப் பாடங்களில் 'தங்க நேரம்' என்று ஒரு மணி நேரத்தைச் சொல்வார்கள். நம் ஊரில் அவ்வளவு கிடைக்காது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறத்தாழ நெட்டுக்குத்தாக மேலேறுகிறது. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. மஞ்சள் வெளிச்சம் அரை மணி நேரத்தில் வெள்ளையாகிவிடும். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் சூரிய உதயம் ஏழு மணியை ஒட்டியும் அதற்குச் சற்றுப் பிறகும். அஸ்தமனம் மாலை ஏழிலிருந்து ஏழரைக்குள். உச்சி வேளையும் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. தெலுக் இந்தானில் அது ஒன்றே கால் மணியை ஒட்டி. 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியதும் இதற்கு ஒரு காரணம். காலை பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளியே முகங்களை எடுக்காமல் இருப்பது நல்லது. கண் இருக்கும் இடத்தில் இருட்டுக் குழிதான் இருக்கும்.

அந்த நேரத்தில் அஞ்சடிக்குள் போங்கள், கோப்பிக் கடைக்குள் போங்கள். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் பக்கவாட்டில் முகத்தில் விழும்படி ஆளை வாசல் பக்கம் பார்க்கச் சொன்னால் போதும். மரத்தடி நிழல் நல்லது என்று நினைத்துச் செம்பனை ஓலைக்குக் கீழே நிறுத்திவிடாதீர்கள். முகம் முழுக்க வெயில் புள்ளி விழும். நிழலின் ஓரத்தில் நிறுத்துங்கள்.

பால்மரக் காட்டில் இருட்டோடு தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டத் தொடங்கிவிடுவார்கள். ஏழரை மணி அளவில் சூரியன் நிரைகளுக்குள் தாழ எட்டிப் பார்க்கும். கிழக்கு மேற்காக ஓடும் நிரையைத் தேர்ந்தெடுத்தால் வெளிச்சம் நிரை நெடுகிலும் வரும். வடக்குத் தெற்கு என்றால் தரையில் நிழல் குறுக்குக் கோடுகளாக விழும். இரண்டும் நல்ல படங்களே, ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் இலை பழுத்து உதிரும் பருவம். பச்சையே பார்த்துச் சலித்த கண்ணுக்குச் செம்பு நிறக் காடு கிடைக்கும். கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள். தடவிய விரலால் லென்ஸைத் தொடாதீர்கள்.

மூட்டம் போட்ட நாளில் வானத்தைச் சட்டத்துக்குள் விடாதீர்கள். வெள்ளைத் தாள் ஒட்டியது போல இருக்கும். கீழே பார்த்து எடுக்க ஆயிரம் இருக்கிறது.

படி 9: கூட்டத்தில் சட்டம் அமைப்பது

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை, தைப்பூசம், தெலுக் இந்தான் தண்டாயுதபாணி கோவில் சித்ரா பௌர்ணமி. எங்கே பார்த்தாலும் தலை. இங்கே அடுக்கு அடுக்காக யோசியுங்கள்: அருகே ஒன்று, நடுவே ஒன்று, தூரத்தில் ஒன்று. அருகே ஆப்பச் சட்டியிலிருந்து எழும் ஆவி, நடுவே மாவு ஊற்றும் அக்கா, தூரத்தில் விளக்குக் குமிழ்கள். கேமராவில் பின்னால் உள்ளதும் ஓரளவு தெளிவாக இருக்க வேண்டுமானால் லென்ஸ் துளையின் அளவை எஃப் 8-இல் வையுங்கள். ஆனால் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. ஒருவர் தலைக்கும் இன்னொருவர் தலைக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சமோ காலியிடமோ தெரிய வேண்டும். அந்த இடைவெளி வரும்வரை காத்திருப்பதுதான் கூட்டத்தில் உள்ள ஒரே வித்தை. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாலும் தலைகள் பிரியும்.

கேட்டு எடுங்கள். தோட்டம் தனியார் நிலம். உள்ளே போக ஆபீசிலோ வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமோ சொல்லிவிட்டுப் போவதே முறை. இப்போது குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள், முதலில் சிரித்து, மலாயில் "போலே?" (எடுக்கலாமா?) என்று கேட்டால் போதும், எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டினால் அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள். நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி வெட்டும்போது கிட்டே போகாதீர்கள். குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் முகம் தெரியும்படி எடுத்தால் பெற்றோரிடம் கேட்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

படி 10: அழுத்துவதற்கு முன் ஓரங்கள்

ஆளைப் பார்த்தது போதும். திரையின் நான்கு ஓரங்களையும் கண்ணால் ஒரு சுற்று வாருங்கள். பாதி வெட்டிய கை, யாருடையோ முழங்கை, நெகிழிப் பையின் காது, தேதி போட்ட பேனர். ஆளை வெட்டத்தான் வேண்டும் என்றால் மூட்டில் வெட்டாதீர்கள். மணிக்கட்டிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் வெட்டினால் ஊனம் போலத் தெரியும். தொடையிலோ இடுப்புக்கு மேலேயோ வெட்டினால் கண் உறுத்தாது.

படி 11: ஒரு பயிற்சி

ஒரு கோப்பிக் கடையைத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பால் விடாத ஒரு கோப்பி ஓ சொல்லிவிட்டு உட்காருங்கள். எழுந்து போகாமல் பத்துப் படம் எடுக்க வேண்டும், ஒன்று போல இன்னொன்று இருக்கக் கூடாது. ஒன்றில் மேசையின் விளிம்பு கோடாக ஓடட்டும். ஒன்றில் வாசல் சட்டமாகட்டும். ஒன்றில் ஆளே வேண்டாம். ஒன்றில் முக்கால் படம் வெறும் சுவராக இருந்து மூலையில் மட்டும் ஒருவர் பேப்பர் படிக்கட்டும். ஐந்தாவதுக்கு மேல் ஒன்றும் தோன்றாது. அங்கிருந்துதான் கண் வேலை செய்யத் தொடங்கும். மறுநாள் அதே நாற்காலியில் உட்காருங்கள்.

படி 12: தேர்ந்தெடுத்தல், வெட்டுதல், அச்சடித்தல்

எடுத்த அன்றே அழிக்காதீர்கள். இரண்டு நாள் போகட்டும். பிறகு ஒரு காட்சிக்கு ஒரு படம் என்று வையுங்கள். முதலில் போனின் எடிட்டில் சாய்வைச் சரிசெய்யுங்கள், அதன் பிறகு வெட்டுங்கள். சாய்வைத் திருத்தும்போதே ஓரங்கள் கொஞ்சம் போய்விடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். நிறத்தைக் கூட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், கைக்கு அடங்கி.

படம் கொடுப்பதாகச் சொன்னவர்களுக்கு அச்சடித்துக் கொடுங்கள். கடையில் 4ஆர் என்று கேட்பது 4 அங்குலத்துக்கு 6 அங்குலம், அதாவது 3:2. போன் படம் 4:3. அப்படியே கொடுத்தால் இயந்திரம் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டிவிடும். படுக்கைவாட்டுப் படத்தில் அது தலையாகவோ காலாகவோ இருக்கும். எடுக்கும்போதே மேலும் கீழும் கொஞ்சம் இடம் விடுங்கள். இல்லையென்றால் 3:2-க்கு நீங்களே வெட்டிக்கொண்டு போங்கள், அல்லது வெள்ளை ஓரம் விட்டு முழுப்படமாக அச்சடிக்கச் சொல்லுங்கள்.